நிறைந்தபின் கலம் என்ன செய்யும்?

அளவில்லாத பாத்திரம் என்று உலகத்தில் ஒன்றில்லை. கொத்து ஒரு கொத்தரிசியைத்தான் கொள்ளும். சாக்கு அதன் வாயைத் தைக்கக்கூடிய அளவைத்தான் கொள்ளும். கடலுக்குங்கூடக் கரை உண்டு. இதனை அறிந்திருப்பதாலேயே எமது வீட்டுப் பெண்கள் அரிசியைக் களையுமுன் பானையை ஒருமுறை பார்த்துக் கொள்கின்றனர். பானையைப் பாராமல் உலையிலிட்டால் சோறு பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால், கண்ணுக்குத் தெரியாத பாத்திரங்களில், கைக்குப் படாத பொருள்களை இட்டு வைக்கும் காலம் இது. அப்பாத்திரம் எவ்வளவு கொள்ளும், நிறைந்தபின் அது என்ன செய்யும் என்ற வினாக்களை அதனைப் பயன்படுத்துவோரிற் பலர் கேட்பதேயில்லை. கணினியின் நினைவகத்தில் அமைக்கப்படும் தொகுப்புக்களைப் பற்றியே நாம் இங்கு பேசுகின்றோம். செய்நிரல் எழுதப் பயிலும் மாணவருக்கு மாத்திரமன்றி, வங்கியிலே பணம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் இதில் அக்கறை இருத்தல் வேண்டும்.

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து தாமே கட்டுவதில்லை. வீடு கட்டுபவர் கதவையும் யன்னலையும் தச்சுப் பட்டறையில் வாங்கிப் பொருத்துவது போல, அவர்களும் முன்னமே செய்து வைக்கப்பட்ட உறுப்புக்களை எடுத்து இணைக்கின்றனர். அவ்வுறுப்புக்களின் கூட்டத்தைச் சட்டகம் என்பர். பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கும் பட்டியல், சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய பொருளைத் தரும் அகராதி போன்ற அட்டவணை, ஒருமுறை வந்தது மறுமுறை வாராத தொடை ஆகியவை அங்கே கிடைக்கும் தொகுப்புக்கள். ஜாவா என்னும் மொழியில் இத்தகைய தொகுப்புச் சட்டகம் 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தொகுப்புக்கள் கணினியின் வட்டிலே அல்ல, நினைவகத்திலேயே இருக்கின்றன. வட்டு அலுமாரி என்றால் நினைவகம் எழுதும் மேசை. மேசையில் விரித்து வைத்த தாளை உடனே பார்க்கலாம். ஆனால் மேசை சிறியது.

ஜாவாவின் சாதாரணப் பட்டியலொன்று எத்தனை பொருள்களைக் கொள்ளும்? அதன் மேலெல்லை 2,147,483,647 என்னும் எண்ணை அண்டி நிற்கின்றது. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது?

பத்து விரலாலே பத்து வரைதான் எண்ணலாம் என்று சிறுபிள்ளைகள் கூறுவர். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெறுமதி வைத்துப் பாருங்கள். முதல் விரலுக்கு 1, அடுத்ததற்கு 2, பின்னர் 4, 8, 16 என்று இரட்டித்துச் சென்றால் பத்தாவது விரலுக்கு 512 வரும். நீட்டிய விரல்களின் பெறுமதியைக் கூட்டி எண்ணினால் பத்து விரலாலே 1023 வரை எண்ணிவிடலாம். கணினி எண்ணுவதும் இவ்வாறுதான். அதன் விரலுக்குப் பிற்று என்று பெயர். ஜாவா மொழி ஒரு சாதாரண முழுவெண்ணுக்கு 32 விரல்களைக் கொடுத்திருக்கின்றது. அவற்றில் ஒன்று, எண் நேரோ மறையோ என்பதைக் காட்டப் போய்விடுகின்றது. எஞ்சிய 31 விரல்களையும் நீட்டினால் வரும் கூட்டுத்தொகையே மேலே சொன்ன எண். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் இடத்தையும் இந்த முழுவெண்ணாலேதான் குறிக்க வேண்டும். எண்ண முடியாத இடத்திற் பொருளை வைக்க முடியாதல்லவா?

இது சிறிய எண் அன்று. விநாடிக்கு ஒன்றாக, இரவும் பகலும் ஓயாது எண்ணினால் இதனை எண்ணி முடிக்க 68 ஆண்டுகள் செல்லும். இதிலே வேடிக்கையொன்றும் உண்டு. பல கணினிகள் 1970 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியிலிருந்து கழிந்த விநாடிகளைக் கொண்டு நேரங் கணிக்கின்றன. 32 விரல்களால் அவ்வாறு எண்ணும் பழைய ஒழுங்குகள் 2038 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆந் தேதி விரல்கள் தீர்ந்து நிற்கும். அறிவுடையோர் இப்பொழுதே அவற்றைத் திருத்தி வருகின்றனர்.

இலங்கையின் குடிமக்கள் ஏறக்குறைய 2 கோடி 17 இலட்சம் பேர். எமது நாட்டினர் எல்லோருடைய பெயரையும் ஏறத்தாழ நூறு முறை எழுதினாலும் ஒரு ஜாவாப் பட்டியல் இடங்கொடுக்கும். ஆனால், உலக மக்கள் தொகை 2022 ஆம் ஆண்டு நவம்பரில் 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அவர்கள் எல்லோரையும் எழுத வேண்டுமானால் ஒரு பட்டியல் போதாது, நான்கு வேண்டும்.

நடைமுறையிலோ, எண் தீருமுன் மேசை தீர்ந்துவிடும். பட்டியலில் இருப்பவை பெயர்களல்ல. பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் குறிப்புக்களே. ஒரு குறிப்புக்கு 4 பைற்று என்று வைத்தாலும், நிறைந்த பட்டியலொன்றின் குறிப்புக்களுக்கு மாத்திரம் 8 கிகாபைற்று நினைவகம் வேண்டும். பெயர்களுக்குரிய இடம் அதற்குப் புறம்பு. மேலும், இப்பட்டியல் வளரும் முறை வீடு மாறுவது போன்றது. முதலிலே 10 பேருக்கு இடம் பிடிக்கும். அது நிறைந்தால் 15 பேருக்கு இடமுள்ள புதிய வீட்டைப் பார்க்கும். பின்னர் 22, 33, 49 என்று ஒவ்வொரு முறையும் அரைப் பங்கு கூட்டிக்கொண்டு செல்லும். சாமான்களை ஏற்றி இறக்கும் வரை பழைய வீட்டையும் விட முடியாது. புதிய வீட்டுக்கும் வாடகை கொடுக்க வேண்டும். பெரிய பட்டியல்கள் பல இடையில் முறிவது இந்த வீடு மாறும் வேளையிலேதான்.

வேறு சட்டகங்களுக்கு வேறு எல்லைகள் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொட் நெற் சட்டகத்திலே, எவ்வளவு பெரிய இயந்திரமாயினும், தனியொரு பொருள் 2 கிகாபைற்றுக்கு மேற்படலாகாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2012 இல் வெளிவந்த 4.5 ஆம் பதிப்பிலேதான், விரும்பியவர் தனியே அனுமதி எழுதி அவ்விதியைத் தளர்த்திக் கொள்ள வழி பிறந்தது. ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் அணி 4,294,967,295 என்னும் நீளத்துடன் நிற்கும். அங்கே அடையாளத்துக்கென ஒரு விரலை ஒதுக்காது 32 விரலையும் எண்ணுவதற்கே கொடுத்திருக்கின்றனர்.

எல்லை உண்டு என்பதற்காக எந்தக் கலத்தையும் நாம் குறை கூறுவதற்கில்லை. நாம் கவனிக்க வேண்டியது அது நிறைந்தபின் நடந்து கொள்ளும் முறையை. இவ்வகையில் கலங்களின் குணம் மூன்று.

முதலாவது, கூக்குரலிடும் கலம். மேலே சொன்ன ஜாவாப் பட்டியல் இவ்வினத்தது. இனி வளர இடமில்லை என்று கண்டதும், நினைவகம் போதாது என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடும். வேலை நின்றால் மேலதிகாரி கோபிப்பார். எழுதியவர் நித்திரையின்றி விழித்திருப்பார். ஆயினும் இதுவே நேர்மையான கலம். பொங்கி வழியும் பானை அடுப்படியிற் சத்தமிட்டால் எவரேனும் ஓடி வருவரல்லவா?

இரண்டாவது, பொய் சொல்லுங் கலம். ஜாவாவிலேயே சங்கிலி போலக் கோக்கப்பட்ட இன்னொரு பட்டியல் உண்டு. நினைவகம் இடங்கொடுக்குமாயின் அது 214 கோடியையுந் தாண்டிப் பொருள்களை ஏற்றுக்கொள்ளும். ஆனால், உன்னிடம் எத்தனை உண்டு என்று கேட்டால் மறை எண்ணொன்றைக் கூறும். 32 விரல்களும் குழம்பிப் போனதன் விளைவு அது. வண்டியின் தூரமானி 99999 ஐத் தாண்டியதும் 00000 என்று காட்டுவது போல, இம்முழுவெண் தன் உச்சத்தைத் தாண்டியதும் அடிப்பாதாளத்துக்கு இறங்கி −2,147,483,648 என்று நிற்கும். அப்படி இறங்கும்போது சத்தமெதுவும் எழுப்பாது.

கற்றவர்களையும் இந்தப் பொய் ஏமாற்றியிருக்கின்றது. அகராதியிலே ஒரு சொல்லைத் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து, வேண்டிய சொல் முன்னே இருக்குமா பின்னே இருக்குமா என்று பார்த்து, மீண்டும் அப்பாதியின் நடுவைத் திறக்கின்றோம். கணினியும் ஒழுங்காக அடுக்கிய பட்டியலிலே இப்படித்தான் தேடும். நடுவைக் காண்பதற்கு இரு முனைகளின் எண்களையுங் கூட்டி இரண்டாற் பிரிப்பது வழக்கம். ஜோன் பென்ற்லி என்னும் அறிஞர் 1986 இல் வெளியிட்ட நூலில் இம்முறையை எழுதி, அது சரியென்று நிறுவியுங் காட்டினார். அவர் வழியைப் பின்பற்றி ஜோஷுவா புளொக் என்பவர் ஜாவாவுக்கு இதனை எழுதினார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளின் பின், 2006 இல், அதிலே பிழையுண்டென்று புளொக் தாமே உலகுக்கு எடுத்துரைத்தார். பட்டியல் 107 கோடியைத் தாண்டிப் பெருத்தால் இரு முனைகளின் கூட்டுத்தொகை 31 விரல்களுக்குள் அடங்காது மறையெண்ணாய் மாறிவிடும். மறையெண்ணுக்கு நடுப்பக்கம் எங்கே? திருத்தமோ மிக எளிது. இரு முனைகளையுங் கூட்டாமல், இடைவெளியிற் பாதியைக் கீழ்முனையோடு கூட்டினாற் போதும். முன்னைய நாட்களிலே அத்தனை பெரிய பட்டியலை வைத்திருக்க எவரிடமும் மேசை இருக்கவில்லை. ஆதலால் பிழை உறங்கிற்று. மேசை பெருத்ததும் விழித்தது.

மூன்றாவது, மிஞ்சியதை ஓசையின்றி வெளியே விடுங் கலம். மூன்றிலும் கொடியது இதுவே. 2020 ஆம் ஆண்டு, கொரோனா நோய் பரவிய காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வுகூடங்களிலிருந்து வந்த முடிவுகளை எக்செல் அட்டவணைகளிற் சேர்த்து வந்தது. அவ்வட்டவணையும் நினைவகத்தில் விரியும் ஒரு தொகுப்பே. பயன்படுத்திய வடிவமோ பழையது. 65,536 வரிகளுக்கு மேற் கொள்ளாதது. 2007 ஆம் ஆண்டின் புதிய வடிவமாயின் 1,048,576 வரிகளுக்கு இடமிருந்திருக்கும். செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையிலான நாட்களில் நோய் கண்ட 15,841 பேருடைய விபரங்கள் நாளாந்தக் கணக்கிலே சேராது விடுபட்டன. நோயாளருக்குத் தத்தம் முடிவு அறிவிக்கப்பட்டதுதான். ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாட்கள் தாமதித்தது. ஒரு நாள் தாமதித்தாலும் ஒரு குடும்பத்துக்கு நோய் தொற்றக்கூடிய காலம் அது.

தூர தேசத்துச் செய்தி என்று வாசகர் எண்ணற்க. பல வருடங்களின் முன் எமது நாட்டிலே, சேமிப்புச் சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிட உதவுமாறு எம்மை அழைத்திருந்தனர். நாம் அங்கிருந்த ஒரு நாட் காலையில் வயோதிப மாது ஒருவர் தமது சேமிப்புப் புத்தகத்தை நீட்டி, இரண்டு வருடமாக வட்டி விழவில்லையே என்று கேட்டார். கணக்கிலே இருந்த லிகிதர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, வட்டி இடாப்பிலை உங்கடை பேர் இல்லை. மிசின் சொன்னாச் சரிதானே?" என்றார். மாது சிறிதும் பதறவில்லை. "தம்பி, மிசினுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். மாதா மாதம் நான் வந்து காசு கட்டினனான்" என்றார்.

அந்த வார்த்தை எம்மை உறுத்திற்று. பழைய பேரேட்டை எடுத்து, கணினி அச்சிட்ட இடாப்போடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்தோம். இடாப்பிலே சரியாக 5,000 பெயர்கள் இருந்தன. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. இவ்வளவு முழுதான எண்ணைக் கண்டால் எவருக்கும் ஐயம் பிறக்க வேண்டும். செய்நிரலை எழுதியவர், அங்கத்தவர் இரண்டாயிரத்துக்கும் குறைவாக இருந்த காலத்தில், 5,000 இடங்களைக் கொண்ட அணியொன்றை அமைத்து, நிறைந்தால் மீதியை விட்டுவிடுக என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். இயந்திரம் இடையில் நிற்கக் கூடாது என்பது அவருடைய கவலை. பெயர்கள் ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் ஏற்றப்பட்டமையால், வெளியே தள்ளப்பட்டவர்கள் கடைசியெழுத்துப் பெயருடையோர். எமது மக்களுள் வேலாயுதமும் விசாலாட்சியும் யோகம்மாவும் எத்தனை பேர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? முப்பதுக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருந்தனர். அவர்களிற் கேட்க வந்தவர் அந்த ஒருவரே. மற்றவர்கள், வட்டி வீதம் குறைந்துவிட்டதென்றோ, தமக்கு விளங்காத ஏதோ காரணமென்றோ எண்ணிப் பேசாதிருந்துவிட்டனர். பின்னர் எல்லோருக்கும் வட்டி கொடுக்கப்பட்டது. ஆயின், அதற்கிடையில் இறந்துபோன இருவருக்கு வர வேண்டியதை அவர்களுடைய பிள்ளைகளே வந்து பெற்றனர்.

அண்மையில், பல்கலைக்கழகத்திலே கணினி பயிலும் அயல்வீட்டுப் பெண்ணொருத்தி எம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது, "மாமா, எல்லாத்தையும் 64 பிற்று ஆக்கிவிட்டால் இந்தக் கரைச்சல் தீர்ந்துவிடாதோ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 64 விரல் கொண்ட முழுவெண் 9,223,372,036,854,775,807 வரை செல்லும். 2014 ஆம் ஆண்டு டிசம்பரில், கொரிய நாட்டுப் பாடகரொருவரின் கங்னம் ஸ்ரைல் என்னும் பாடலைப் பார்த்தோர் தொகை 214 கோடியைத் தாண்டியதாகவும், அதற்காகத் தமது எண்ணியை 64 பிற்றாக மாற்றியதாகவும் யூரியூப் நிறுவனத்தார் அறிவித்தனர். எண்ணுவது மாத்திரமே வேலையாயின் அதுவே போதிய மருந்து.

ஆனால், எண்ணுவது வேறு, வைத்திருப்பது வேறு. விரல்கள் கூடினாலும் மேசை கூடிவிடாது. சங்கத்துச் செய்நிரலிலே ஒருவர் எழுதி வைத்த 5,000 என்னும் எல்லையை எந்தப் புதிய இயந்திரமும் தானாக அழிக்காது. ஆகவே, அப்பிள்ளைக்கு நாம் கூறியது இதுதான்: பெரிய பாத்திரத்தைத் தேடுமுன், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இடத்தான் வேண்டுமா என்று பார்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் துலா மிதித்து இறைத்த நாட்களிலே, கிணற்று நீர் முழுவதையும் ஒரே பட்டையில் அள்ள எவரும் முயன்றதில்லை. ஒரு பட்டை நீரை அள்ளி வாய்க்காலிலே ஊற்றுவர். அது ஓடிப்போய்ப் பாத்தியை நிறைக்கும். அதற்குள் அடுத்த பட்டை மேலே வரும். சிறிய பட்டையாலேயே புகையிலைத் தோட்டம் முழுவதும் நனைந்தது. ஒரு வருடத்துப் பற்றுச்சீட்டுக்கள் பத்துக் கோடி இருந்தாலும், அவற்றின் கூட்டுத்தொகையைக் காண எல்லாவற்றையும் மேசையில் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து, தொகையோடு கூட்டி, அப்பால் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாற் போதும். கையில் இருக்க வேண்டியது ஓரெண். சராசரி காண இரண்டெண். வரிசைப்படுத்த வேண்டுமாயின் சிறு சிறு கட்டுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடுக்கி, பின்னர் கட்டுக்களின் தலைத்தாள்களை ஒப்பிட்டு ஒன்றாக இணைக்கலாம். 2014 இல் வெளிவந்த ஜாவாவின் 8 ஆம் பதிப்பு, தரவை இவ்வாறு ஓடவிட்டுச் செய்யும் வழிகளை எளிதாக்கித் தந்திருக்கின்றது.

மாணவர்களே, பிறர் செய்த தொகுப்பொன்றைக் கையில் எடுக்கும்போது அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ எவ்வளவு கொள்வாய்? நிறைந்தால் எனக்குச் சொல்வாயா? சொல்லாவிடின் உன்னை நான் எவ்வாறு பரிசோதிப்பேன்? முதற்கேள்விக்குரிய விடை நூல்களில் இருக்கும். இரண்டாவதற்குரிய விடையை நீங்களே சிறிய கலமொன்றை நிறைத்துப் பார்த்து அறிதல் நன்று. மூன்றாவதற்குரிய விடை மிகப் பழையது: உள்ளே இட்டவை எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று இரு பக்கமும் எண்ணி ஒப்பிடுதல். பேரேடு எழுதிய பழைய கணக்கப்பிள்ளைமார் நாள்தோறும் மாலையில் இதனைச் செய்யாமல் வீடு திரும்பியதில்லை.

குடும்பத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கந்தோரிலோ, வங்கியிலோ, வைத்தியசாலையிலோ, கணினியில் உங்கள் பெயர் இல்லை என்று கூறினால், பெயர் இல்லாமற் போனதற்கு நீங்கள் காரணமாய் இருக்க வேண்டியதில்லை. உங்கள் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்; மரியாதையோடு மீண்டுங் கேளுங்கள். வரிசையின் கடைசியில் நிற்பவரையும் எண்ணிய பின்னரே ஒரு கணக்கு முடிந்ததாகும்.